புள்ளியை விழுங்கிய குடுமி

சங்கீதப் பத்திரிகை அட்டை என்றால் பாடகர் நடுவில் சிரிப்பார். கடம் வாசிக்கும் என்னுடைய முழங்கை மட்டும் ஓரத்தில் தெரியும். முழங்கைக்குத் தனியாக ரசிகர்கள்கூட உண்டு. முகமும் ஒருமுறை வரவேண்டும் என்பதே என் ஆசை.

கடைசியில் ‘பக்கவாத்தியம்’ என்ற பத்திரிகை என்னை நடுவில் போட்டது. பெரிய மனிதர்களின் தலை பத்திரிகைப் பெயரைக் கொஞ்சம் மறைக்க வேண்டுமாம். அதுதான் அட்டை மரபாம். என் மண்டை ‘திய’வை மறைத்தது. போதாதென்று, சாய்ந்திருந்த குடுமி ‘த்’தின் புள்ளியையும் விழுங்கிவிட்டது. மிஞ்சியது ‘பக்கவாதம்’. அதன் கீழே நான்.

வாட்ஸப்பில் அட்டை பரவியதும் எங்கள் கல்பாத்தி அக்ரஹாரமே தைலத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

“எந்தப் பக்கம் ஓய் இழுத்துண்டுத்து?” என்றார் அடுத்த வீட்டு ராமபத்ரன்.

“ஒண்ணும் இழுக்கலைங்காணும்!” என்று இரண்டு கைகளையும் ஆட்டிக் காட்டினேன்.

அவர் என் மனைவியிடம் திரும்பி, “மாமி, கை தானா ஆடறது, பாத்தேளா?” என்றார்.

அந்த வாரக் கச்சேரியில் வழக்கம்போல் சுமாராகத்தான் வாசித்தேன். சபையே எழுந்து நின்று கைதட்டியது. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

இப்போதெல்லாம் மேடையேறும்போது லேசாக நொண்டுகிறேன்.