மெருகுச் சக்கரம்

கிழக்கு வெளுப்பதற்குள் நாற்பது பெயர்களை வெட்டி முடித்திருந்தாள் எழுத்துக்காரி. சங்கிலியில் கோக்கும் பித்தளை வில்லையை எடுத்து இடுக்கியில் பொருத்தி, ஊசியை இறக்கி, காலால் மிதியை அழுத்த வேண்டும். முன்பக்கம் கம்பெனி முத்திரை. பின்பக்கம் அந்தக் கம்பெனி ஊழியரின் பெயர். ஓர் எழுத்து பிசகினால் வில்லை குப்பைக்குப் போகும், ஏச்சு அவளுக்கு வரும். பித்தளைத் தூள் மூக்கில் ஏறி எச்சில்கூடக் கசந்தது.

எங்கோ கண்ணாடிக் கட்டடத்தில் இருக்கும் பெரிய கம்பெனி அது. ஊழியர்கள் மூவாயிரத்து இருநூறு பேருக்கும் ஆண்டுவிழாப் பரிசாகப் பெயர் பொறித்த கழுத்துச் சங்கிலி கொடுக்கப் போகிறார்கள். பரிசு வாங்கும் பொறுப்பில் இருந்த மேடம் போன வாரம் பட்டறைக்கு வந்து, ஒரு சங்கிலியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "இன்னும் பளபளப்பு வேணும். அப்புறம், சொன்ன தேதிக்கு நாலு நாள் முன்னாடியே வேணும்" என்றாள். முதலாளி தலையை ஆட்டினார். அவர் ஆட்டிய தலைக்கு இருபத்து மூன்று பேர் உடம்பு ஆடியது.

பின்வரிசையில் மெருகுச் சக்கரத்தில் நின்றவள் எழுத்துக்காரியின் அண்ணி. சங்கிலியை மரப்பலகையில் சுற்றி, பலகையோடு சேர்த்துத்தான் சக்கரத்தில் காட்ட வேண்டும். வெறுங்கையில் பிடித்தால் கண்ணி மாட்டிக் கையை இழுத்துவிடும். தொழில் தெரிந்த யாருக்கும் தெரிந்த சங்கதிதான். மேற்பார்வை பார்க்கும் முதலாளியின் மைத்துனருக்கும் தெரியும். முதலாளியம்மாவோடு கூட வந்து ஒட்டிக்கொண்டவர் என்பதால் பட்டறையில் அவருக்குச் 'சீதனம்' என்று பெயர். மேடம் வந்து போன மறுநாளே சீதனம் பலகைகளை வாரிக்கொண்டு போய் அலமாரியில் பூட்டிவிட்டார்.

"பலகையில சுத்தி எடுக்கிற நேரத்துல அஞ்சு சங்கிலி முடிச்சிடலாம்."

"கை போச்சுன்னா?" என்று அண்ணி கேட்டாள்.

"பாத்துப் பண்ணினா ஏன் போகுது?"

நாற்பது பெயர் வெட்டிய அன்று, காலை ஏழு மணிக்குப் போயிற்று. முதலில் ஒரு சொடுக்குச் சத்தம்தான் கேட்டது. சங்கிலி சக்கரத்தில் சுற்றிக்கொண்டு அண்ணியின் வலக்கை ஆள்காட்டி விரலையும் சேர்த்து இழுத்தது. அறுந்த முனை சாட்டை போலச் சுழன்று கன்னத்தைக் கிழித்தது. நிறுத்தும் பொத்தானை மறைத்துப் பரிசுப் பெட்டிகள் ஆளுயரம் அடுக்கிக் கிடந்தன. எழுத்துக்காரி பாய்ந்து போய் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிய்த்தாள். சக்கரம் நின்றபோது விரல் கையில் இல்லை. சுவரில் தோள் உயரத்துக்கு ரத்தம் தெறித்திருந்தது.

முலாம் தொட்டியில் வேலை செய்பவன் ஓடிவந்து அண்ணியைத் தாங்கினான். நாளுக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம் என்பதால் அவனுக்கு ஊமைக்கோட்டான் என்று பட்டம். எழுத்துக்காரி தரையில் தேடி விரலை எடுத்தாள். சுத்தமானதாகக் கைக்குக் கிடைத்தது சங்கிலி போடும் வெல்வெட் பை ஒன்றுதான். அதில் போட்டுக்கொண்டாள்.

வாசலில் வேன் நின்றது, பாதிச் சரக்கு ஏற்றியபடி.

"வேன் கம்பெனிக்குப் போகணும். ஆட்டோ பிடிச்சுப் போங்க" என்றார் முதலாளி.

"இந்த நேரத்துல ஆட்டோவுக்கு எங்க போறது? உயிர் போய்க்கிட்டிருக்கு" என்றாள் எழுத்துக்காரி.

"எட்டு மணிக்குச் சரக்கு அங்க இருக்கணும். ஒரு விரலுக்கு ஊரையே கூட்டாதே."

எழுத்துக்காரி வேனில் ஏறி முதல் பெட்டியைத் தெருவில் வீசினாள். சீதனம் அவள் முடியைப் பிடித்துக் கீழே இழுத்து ஓங்கி அறைந்தார். உதடு பிளந்தது. இரண்டாவது அறைக்கு ஓங்கிய கையை ஊமைக்கோட்டான் பிடித்து முறுக்கினான்; மணிக்கட்டில் ஏதோ நெரிந்தது. அதற்குள் மற்றவர்களும் வேனில் ஏறிவிட்டார்கள். தெருவெங்கும் பெட்டிகள் சிதறின. டிரைவர் முதலாளியைப் பார்த்தான், அண்ணியின் புடவையில் இறங்கும் ரத்தத்தைப் பார்த்தான். கதவைத் திறந்தான்.

விரலை ஒட்டவைக்க முடியாது, பிய்ந்து போனது சேராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மத்தியானம் சீதனம் மணிக்கட்டில் கட்டோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். வீட்டுக் கதவு இடுக்கில் கை சிக்கியதாக எழுதிய ஒரு காகிதத்தை நீட்டினார்.

"கையெழுத்துப் போட்டா ஆஸ்பத்திரிச் செலவை அத்தான் பாத்துக்குவார்."

அண்ணி கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினாள். "எந்த விரலால போடறது? அதையும் நீங்களே சொல்லிடுங்க."

மறுநாள் விடியும்போது இருபத்து மூன்று பேரில் அண்ணி தவிர எல்லோரும் பட்டறை வாசலுக்கு வெளியே நின்றார்கள். பூட்டின பலகை திரும்ப வர வேண்டும், சக்கரத்துக்கு மூடி வேண்டும், நடந்ததை நடந்தபடி முதலாளி எழுதித் தர வேண்டும். அதுவரை யாரும் உள்ளே போவதில்லை.

முதலாளி வரவில்லை. கம்பிகளோடு நாலு ஆட்கள் வந்தார்கள். கேள்வியும் இல்லை, பேச்சும் இல்லை. முதல் அடி ஊமைக்கோட்டானின் மண்டையில் விழுந்தது. அவன் மடங்கி உட்கார்ந்தான். அடுத்தது எழுத்துக்காரியின் தோளில் இறங்க, இடக்கை செத்தது போல் தொங்கியது. கீழே விழுந்த ஒருத்தியின் விலாவில் பூட்ஸ் கால் இரண்டு முறை இறங்கியது. ஓடிவிடலாம் என்று எழுத்துக்காரிக்கும் தோன்றியது. பக்கத்தில் யாரும் ஓடவில்லை. அவளும் நின்றாள்.

எதிரே அட்டைப்பெட்டி செய்யும் கூடம். அங்கிருந்த பெண்கள் பசைக் கையோடு வெளியே வந்தார்கள், முப்பதுக்குக் குறையாது. அவர்களில் மூத்தவள் நேராக நடந்து வந்து கம்பிக்கு முன்னால் நின்றாள்.

"அவங்கள அடிச்சு முடிச்சதும் எங்களயும் அடிக்கணும்ப்பா. கை வலிக்கும், யோசிச்சுக்கோ."

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டுத் தெருமுனைக்குப் பின்வாங்கினார்கள்.

வந்து சேராத சரக்கைத் தேடிப் பத்து மணிக்கு மேடத்தின் கார் வந்தது. முதலாளியும் எங்கிருந்தோ முளைத்தார். "சின்னத் தகராறு மேடம். சாயங்காலம் சரக்கு வந்துடும்."

"வராது" என்றாள் எழுத்துக்காரி. "நீங்க கேட்ட நாலு நாளுக்காக எங்க பலகையப் பிடுங்கினாங்க. எங்க அண்ணிக்கு விரல் போச்சு. இவன் மண்டையப் பாருங்க."

மேடம் பார்த்தாள். சீக்கிரமாகவே பார்வையைத் திருப்பிக்கொண்டாள். "நாங்க வாங்கறவங்க. இது உங்களுக்குள்ள பேச வேண்டியது."

"வாங்கறவங்களும் ஏன்னு கேட்கலாம்."

கார்க் கண்ணாடி பாதி ஏறி நின்றது. "பிரச்சினை தீராம ஒரு பெட்டிகூட எங்களுக்கு வேண்டாம்" என்று மேடம் முதலாளியிடம் சொன்னாள். கருணையா, கம்பெனி பெயர் கெடுமென்ற பயமா, தெரியவில்லை. முதலாளியின் முகம் சுண்டியது.

"உங்க எல்லாருக்கும் பதிலா நாளைக்கே வேற ஆள் வரும்" என்றார் அவர், தொழிலாளிகள் பக்கம் திரும்பி.

"வரட்டும். அவங்ககிட்டயும் சொல்லுவோம்" என்றாள் எழுத்துக்காரி.

வெயில் ஏறியபோது அண்ணி வந்தாள். கன்னத்தில் தையல், கழுத்திலிருந்து தொங்கும் கட்டுக்குள் கை. படுக்கச் சொன்ன நர்ஸிடம் வாயாடிவிட்டு நடந்தே வந்திருந்தாள்.

"எதுக்கு அண்ணி வந்தீங்க?"

"அங்க படுத்தா மட்டும் முளைக்கவா போகுது? தள்ளிக்கோம்மா."

தெருமுனையில் நாலு பேர் பன்னிரண்டு பேராகியிருந்தார்கள். எழுத்துக்காரி தன் நல்ல கையை, கட்டு உரசாமல், அண்ணியின் முழங்கைக்குள் நுழைத்துக்கொண்டாள். அந்தப் பக்கம் ஊமைக்கோட்டான், தலையில் ரத்தம் ஊறிய துணியோடு. அவனை அடுத்து டிரைவர். பிறகு பசை காய்ந்த கைகள், ஒன்றோடொன்று கோத்து, வீதியின் அகலம் முழுக்க.

"வராங்க" என்றான் ஊமைக்கோட்டான்.

"வரட்டும்" என்றாள் அண்ணி.

யாரும் வழிவிடவில்லை.