அட்டைப்பெட்டி ஊர்வலம்

தர்வினிக்கு ஐந்து வயது. அம்மா செத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அந்த ஒரு மாதமும் அவள் அம்மா என்ற சொல்லை வாயில் எடுக்கவில்லை. அழவும் இல்லை. அப்பா குகன் லோரியை ஓரம் கட்டிவிட்டு, கிள்ளான் நகரில் மகள் படித்த பாலர் பள்ளிக்குள் வந்து, பிள்ளையை எப்படியாவது பேச வைத்துவிடுங்கள் என்று ஷார்மைன் டீச்சரிடம் கெஞ்சிவிட்டுப் போனார்.

ஷார்மைன் அதற்கு ஏற்ற ஆள்தான். பிரிக்பீல்ட்ஸில் நான்கு சனிக்கிழமை பயிற்சிக்குப் போய், பிள்ளை எந்தப் பக்கம் போகிறதோ டீச்சரும் அந்தப் பக்கமே போக வேண்டும், குறுக்கே விழக் கூடாது என்று படித்துவிட்டு வந்தவள். வந்த சூட்டோடு பயிற்சிப் புத்தகங்களை அலமாரிக்குள் தள்ளிவிட்டு, பெட்டி, துணி, மரக்கட்டை என்று வகுப்பு முழுக்கப் பரப்பி வைத்தாள். ஏபிசி எப்போது வரும் என்று கேட்ட பெற்றோர்களை, வரும் வரும் என்று சமாளித்தாள்.

ஒரு திங்கட்கிழமை தர்வினி அட்டைப்பெட்டி ஒன்றை நடுவில் இழுத்துப் போட்டு, பொம்மையை அதில் படுக்க வைத்தாள். மற்ற வாண்டுகளுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? தாத்தா சாவைப் பார்த்திருந்த தனேஷ், பொம்மையின் மூக்கில் பஞ்சு வைத்தான். ரயன் முழங்காலில் நின்று ஜெபம் சொன்னான். பிறகு நாலு பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல் கேட்டை நோக்கி நடந்தார்கள். தர்வினி மட்டும் வகுப்புக் கதவோடு நின்றுவிட்டாள்.

செவ்வாயும் அதே விளையாட்டு, புதனும் அதே. ஒவ்வொரு நாளும் இரண்டடி கூடுதலாக வந்து நின்றாள். புதன்கிழமை ஷார்மைன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, நீ போகவில்லையா என்று மெல்லக் கேட்டாள்.

"பொம்பளப் பிள்ள காட்டுக்குப் போகக் கூடாதாம் டீச்சர். என்னைய பக்கத்து வீட்ல கார்ட்டூன் பாக்க வெச்சாங்க. வந்து பாத்தா அம்மா இல்ல."

ஷார்மைன் வீட்டில் யாரையாவது அடக்கம் செய்தால் கைக்குழந்தையின் கையால்கூட ஒரு பிடி மண் போட வைப்பார்கள். இப்படி ஒரு வழக்கம் இருப்பது அவளுக்குத் தெரிந்திருக்கவே இல்லை. "இங்க நீ போகலாம்மா. கேட் வரைக்கும் போகலாம்" என்றாள்.

"அப்ப நாளைக்குப் போறேன்" என்றாள் தர்வினி.

அன்று சாயங்காலம் பாருங்கள், தனேஷ் தன் வீட்டு ஹாலில் மூக்கில் பஞ்சோடு கட்டையாகப் படுத்துவிட்டான். அவன் அம்மா போட்ட கூச்சலில் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழு தீப்பிடித்தது. காலையில் பள்ளி முதலாளி தாமரை வாசலிலேயே காத்திருந்தார்.

"பிள்ள போற வழியில போறது சரி லா. அதுக்காக சாவு வீட்டுக்கா கூட்டிட்டுப் போவீங்க?"

பெட்டியும் பொம்மையும் உடனே போக வேண்டும் என்றார். இல்லாவிட்டால் டீச்சர் போகலாம் என்றார். இன்னும் ஒரு நாள் கொடுங்கள், இன்றைக்கு மட்டும் என்று ஷார்மைன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பயந்துவிட்டாள். தர்வினியை ஆபீஸ் அறையில் மீனுக்குத் தீனி போட அனுப்பிவிட்டு, பெட்டியைப் பொம்மையோடு தாமரையிடம் தூக்கிக் கொடுத்தாள். குப்பை லோரி அப்போதுதான் தெருமுனைக்கு வந்திருந்தது; இரண்டும் அதிலேயே போய்விட்டன.

திரும்பி வந்த பிள்ளை வகுப்பைச் சுற்றிப் பார்த்தது. மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தது. பிறகு தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

மதியம் குகன் என்றைக்கும் இல்லாத சிரிப்போடு வந்தார். நேற்று ராத்திரி பிள்ளை இரண்டு முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டதாம். அப்பா மடியில் ஏறி உட்கார்ந்து அம்மாவைப் பற்றி வாய் ஓயாமல் பேசியதாம்.

"இன்னைக்கு அம்மாவ வழியனுப்பப் போறேன்னு சொல்லுச்சு டீச்சர். போச்சா?"

ஷார்மைனால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நாளைக்கு என்று மட்டும் சொன்னாள். பாவி, அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு இரவெல்லாம் புரண்டாள். போனால் போகட்டும் வேலை என்று விடியற்காலையில் முடிவெடுத்தாள். வீட்டிலிருந்த பெரிய பெட்டி ஒன்றையும், தன் அக்கா மகளின் பொம்மையையும் எடுத்துக்கொண்டு, தாமரை வருவதற்கு முன்பே வகுப்பைத் திறந்தாள்.

தர்வினி வந்ததும் கையைப் பிடித்து அழைத்துப் போய்க் காட்டினாள். "வாம்மா, நாம ரெண்டு பேரும் கேட் வரைக்கும் போவோம். டீச்சரும் கூட வரேன்."

பிள்ளை பெட்டிக்குள் எட்டிப் பார்த்தது. பொம்மையின் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தது. பிறகு டீச்சர் கையிலிருந்து தன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டது.

"அம்மா நேத்தே போயிட்டாங்க டீச்சர். இது வேற யாரோ."