காந்தம் நழுவும் இடம்

காந்தம் நழுவுகிறது, இடது மட்காட்டில், ஹெட்லைட்டுக்கு நாலு விரல் பின்னால், மஞ்சள் துணி சுற்றிய அந்தச் சின்னக் காந்தம் தகட்டைப் பிடிக்காமல் வழுக்கி என் உள்ளங்கைக்குள் விழுகிறது, விழும் என்று தெரிந்துதான் கையைக் கீழே ஏந்தியிருந்தேன், காந்தம் நிற்கிற இடம் இரும்பு, நழுவுகிற இடம் பட்டி, அடிபட்ட பள்ளத்தை நிரப்பப் பூசுகிற மாவு, பன்னிரண்டு வருஷமாகப் பழைய கார் சங்கத்துக் கண்காட்சியில் நடுவராக இருந்து நான் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிகிற பாடம் இது ஒன்றுதான், கோயம்புத்தூரில் கல்லூரி மைதானம், காலைப் பத்து மணி வெயில் சுள்ளென்று அடிக்கிறது. வண்டிக்குச் சொந்தக்காரி கோகிலவாணி பக்கத்திலேயே நிற்கிறாள், என்னங்க சார், ஏதாச்சும் பிரச்சினையா என்கிறாள், ஒண்ணுமில்லீங்க, கை வேர்த்துக் கெடக்குது என்கிறேன், ஐம்பத்தெட்டாம் வருஷத்து ஃபியட், பால் வண்ணம், இதை எனக்கு அவளைவிட நன்றாகத் தெரியும், தெரிந்திருக்கக் கூடாது, அதுதான் சங்கடம்.

எங்கள் கண்காட்சியில் மூன்று பிரிவு, தொடாத வண்டி, புதுப்பித்த வண்டி, மாற்றிக் கட்டிய வண்டி, இதில் தொடாத வண்டிக்குத்தான் மரியாதை, டயர் மாற்றலாம், பேட்டரி மாற்றலாம், ஒரு பக்கம் பட்டி வைத்துப் பெயின்ட் அடித்திருந்தால் போச்சு, வெளியே அனுப்பிவிட வேண்டும், ஏன் அனுப்புகிறோம் என்று நடுவர் தன் கையால் எழுத வேண்டும், சொந்தக்காரர் அதைப் படித்துக் கீழே கையெழுத்துப் போட வேண்டும், நடுவருக்கும் ஒரு விதி உண்டு, இந்தப் பிரிவில் எந்த வண்டியிலும் நான் வேலை செய்ததில்லை என்று காலையிலேயே எழுதிக் கொடுத்தாக வேண்டும், வண்டிகளைப் பார்ப்பதற்கு முன்பே வழக்கம்போல அதில் கையெழுத்தைக் கிறுக்கிவிட்டேன், அப்புறம் வரிசையில் நாலாவதாக இது நிற்கிறது, பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது, விலகிக்கொள்கிறேன் என்று சொன்னால் ஏன் என்பார்கள், எப்போது, என்ன வேலை என்பார்கள். எங்கப்பா ஒரு கீறல் விழ விட்டதில்லீங்க, போன மாசியிலதான் தவறிப்போனாரு, எனக்கு நெனவு தெரிஞ்சு அவரு இதை ஓட்டிப் பாத்ததே இல்லீங்க சார், ஷெட்டுக்குள்ளயே வெச்சுத் தொடைச்சுத் தொடைச்சு வெச்சாரு, இன்னிக்கு இந்தக் கோப்பை மட்டும் கெடைச்சா அவரு படத்துக்குக் கீழ வெப்பேன், அவள் பேசிக்கொண்டே போகிறாள், நான் தலையாட்டுகிறேன், அவள் குரலுக்குள் அவளுடைய அப்பா குரல் கேட்கிறது.

மாடு குறுக்க வந்துருச்சு தம்பி, சீக்கிரம் முடிச்சுக் குடு, யாருகிட்டயும் சொல்லிக்க வேண்டாம் என்கிறார் பொன்னுரங்கம் முதலாளி, எண்பத்து நாலு, ஆனி மாசம், உக்கடத்தில் நான் சொந்தமாகப் பட்டறை போட்டு மூன்றாவது வாரம், காலை ஏழு மணி, அவர் வேட்டி ஓரம் ஆடுகிறது, காற்று இல்லை, கால்தான் ஆடுகிறது, சரிங்க முதலாளி என்கிறேன், மட்காட்டைத் தட்டி எடுக்கிறேன், ஹெட்லைட் ரிங்கைக் கழற்றுகிறேன், உள்ளே ஒரு கண்ணாடி வளையல் துண்டு, பச்சை, அட கருமமே, மாடு எங்கே வளையல் போடும், கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன், தூக்கி எறியப் பயம், வைத்துக்கொள்ளப் பயம், போலீசுக்குப் போகப் பயம், கடைசியில் பள்ளத்தில் அதை வைத்து மேலே பட்டியை அப்பி அமுக்கிவிட்டேன், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன், தேய்க்கத் தேய்க்க வழவழவென்று வந்தது, மறுநாள் பேப்பரில், மில்லுக்கு முதல் ஷிப்டு நடந்து போன ராமாத்தாள், முப்பது வயது, அடையாளம் தெரியாத வாகனம் மோதிச் சாவு, அவ்வளவுதான், நாலு வரி. அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்கலாம், அடுத்த நாள் சொல்லியிருக்கலாம், சொல்லாமலே நாற்பது வருஷம் ஓடிவிட்டது, கதவை யாராவது பலமாகத் தட்டினால் இன்றைக்கும் எனக்குத் தூக்கிவாரிப் போடும், கனவில் ராமாத்தாள் இந்த மைதானத்துக்கே வருகிறாள், முகம் இல்லை, பேப்பரில் படம் போடவில்லையே, ஒரு கை நிறைய வளையல், ஒரு கை மொட்டை, வரிசையில் வண்டிகளுக்கு நடுவே நின்று, என்னைய எந்தப் பிரிவுல எழுதியிருக்கறீங்க என்று கேட்கிறாள், நான் தாளைப் புரட்டுகிறேன், அவள் பெயரே இல்லை.

சார், சார் என்று கோகிலவாணி கூப்பிடுகிறாள், காந்தம் என் கையில் சூடாக இருக்கிறது, பையில் போட்டுக்கொண்டு முழு மதிப்பெண் போட்டுவிடலாம், யார் கேட்கப் போகிறார்கள், கேட்பார், இரண்டாவது நடுவர் சாமுவேல் இரண்டு வண்டி தள்ளி வந்துகொண்டிருக்கிறார், அவரிடமும் காந்தம் இருக்கிறது, அது எனக்காகப் பொய் சொல்லுமா, சுருக்கமாக எழுதிக் கொடுத்துவிட்டு ஓடிவிடு என்கிறது பயம், எழுதுகிறேன், இடது மட்காட், பட்டி, மறு பெயின்ட், தாளை அவளிடம் நீட்டுகிறேன், மன்னிச்சுக்குங்க அம்மிணி, இந்தப் பிரிவுல வராதுங்க. அவள் முகம் சுருங்கிப் போகிறது, படிக்கிறாள், பேனா கையெழுத்து போடப் போன இடத்தில் நின்றுவிடுகிறது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நாலுன்னு போட்டிருக்கறீங்களே, காந்தம் வருசமெல்லாம் சொல்லுமாங்க என்கிறாள். அய்யோ, என் பாழாய்ப்போன கை, பட்டறைச் சீட்டில் செய்த வேலைக்குப் பக்கத்தில் வருஷம் போட்டுப் போட்டுப் பழகிய கை. அந்த வருசந்தான் அப்பா வண்டி ஓட்டறத நிறுத்துனாருன்னு அம்மா சொல்லும் என்று மெதுவாகச் சொல்லிவிட்டு என்னை நிமிர்ந்து பார்க்கிறாள், சார், நீங்க யாரு?

நாந்தான் பட்டி வெச்சேன் அம்மிணி, மாடுன்னு சொன்னாரு உங்கப்பா, மாடு இல்ல, மில்லுக்குப் போன ஒரு பொம்பளை, ராமாத்தாள்னு பேரு, செத்துப்போச்சு, உள்ள அதோட வளையல் துண்டு இருக்குது, நாந்தான் வெச்சு மூடுனேன், என் குரல் எனக்கே யாரோ பேசுவது போலக் கேட்கிறது. அவள் என் கையிலிருந்து காந்தத்தை எடுக்கிறாள், மட்காட்டில் வைக்கிறாள், விரலை விடுகிறாள், அது நழுவித் தரையில் விழுகிறது, குனிந்து எடுக்கிறாள், அதே இடத்தில் மறுபடி வைக்கிறாள், மறுபடி விழுகிறது, சாமுவேல் என்னாச்சு என்று கேட்டுக்கொண்டே வருகிறார், அவள் மறுபடி வைக்கிறாள், நான் கையை ஏந்தவில்லை.