தட்டு நான்கு, கிலோ பன்னிரண்டு

மாரிசாமிக்கு வலது தோள்பட்டை கழன்று கையோடு வந்துவிடும் போலிருந்தது. விடிகாலை ஆறு மணியிலிருந்து வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி என்று சலித்துச் சலித்துக் கலந்தவன், எட்டரைக்கு நான்கு தட்டுகளில் பட்டாசு மருந்தைப் பரப்பிவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தான். மருந்தைக் குழாய்களில் செலுத்தும் பெண்கள் வேனிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே கோர்ட் அமீனா உத்தரவுத் தாளோடு வந்து இறங்கினார்.

கம்பெனிக்கு இரண்டு முதலாளிகள், லட்சுமிகாந்தமும் ராஜபாண்டியனும். பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். ராக்கெட்டில் உட்கார்ந்து சவாரி செய்யும் முயல்தான் அவர்களுடைய பட்டாசு லேபிள். அந்த முயல் யாருக்குச் சொந்தம் என்பதில் பதினோரு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. கல்யாண வீட்டில்கூட ஆளுக்கொரு பந்தியில்தான் சாப்பிட்டார்கள். இப்போது லட்சுமிகாந்தம் இடைக்காலத் தடை வாங்கிவிட்டார். அடுத்த வாய்தா வரை கம்பெனிக்குள் இருக்கும் எந்தப் பொருளையும் யாரும் எடுக்கவோ, உபயோகிக்கவோ, நிலை மாற்றவோ கூடாது. வாய்தாவுக்குப் பதினெட்டு நாள் இருந்தது.

கோர்ட்டைக் குறை சொல்ல முடியாது. கேட்டதைக் கொடுத்தது. கேட்ட வக்கீல் அதற்கு முன்னால் நடத்தியது அச்சாபீஸ் பங்காளிகள் வழக்கு. அந்த மனுவிலேயே பெயர்களை மட்டும் மாற்றிவிட்டார். காலண்டர் கட்டு பதினெட்டு நாள் கிடந்தால் தூசி படியும், தட்டிவிட்டு விற்கலாம். மருந்தை அன்று கலந்தால் அன்றே செலுத்தி முடிக்க வேண்டும், மிஞ்சினால் குழியில் பரப்பி எரித்துவிட வேண்டும். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத மாரிசாமிக்குத் தெரிந்த இந்தச் சட்டத்தை, சட்டம் படித்தவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அமீனா நல்ல மனிதர். விளக்குமாற்றைக்கூட விடாமல் பட்டியல் எழுதினார்.

"இது என்னய்யா?"

"கலந்த மருந்து சார்."

"எடை?"

"தட்டுக்கு மூணு கிலோ. நாலு தட்டு, பன்னெண்டு."

"சரியா இருக்குமா?"

மாரிசாமிக்கு ரோஷம் வந்துவிட்டது. "இருபத்தாறு வருசமாக் கலக்கேன் சார். ஒரு கிராம் கூடாது, குறையாது."

அவர் நீட்டிய இடத்தில், சாட்சி என்று, தன் பெயரை எழுத்துக் கூட்டி எழுதிக் கொடுத்தான்.

உத்தரவு கேட்டில் ஒட்டப்பட்டது. பெண்கள் வந்த வேனிலேயே திரும்பினார்கள். கேட்டை ஒட்டிய அறையில் குடியிருந்து கம்பெனியைக் கூட்டிப் பெருக்கும் முத்துமாரியம்மாளைக் காவலுக்கு வைத்தார்கள். இரண்டு முதலாளிகளும் அவளுக்கு ஒரே அளவில் குறைத்துச் சம்பளம் கொடுத்ததால், நடுநிலையானவள் என்று இரண்டு பேருமே ஒப்புக்கொண்டார்கள்.

மாரிசாமி லட்சுமிகாந்தத்துக்குப் போன் போட்டான்.

"அண்ணாச்சி, மருந்து கலந்தது கலந்தபடி கெடக்கு. எரிச்சிரட்டுமா?"

"ஏலே, தடை வாங்குனதே நான். நானே தொடச் சொன்னேன்னு தெரிஞ்சா, என் மாப்ள என்னைய ஜெயில்ல வச்சுட்டுத்தான் காப்பி குடிப்பான். தொட்டுறாத."

ராஜபாண்டியனுக்குப் போட்டான்.

"தடை வாங்குனவன்ட்ட கேளு. அவன் தொட்டான்னு எழுதிக் குடு, உனக்கு மாலை போடுதேன்."

"வெடிச்சிருச்சுன்னா அண்ணாச்சி?"

"வெடிச்சா அவன் வாங்குன தடையாலதான் வெடிச்சுதுன்னு ஆகும். கேசு நம்ம பக்கம் சாஞ்சிரும். நீ கவலப்படாம இரு."

மாரிசாமியால் கவலைப்படாமல் இருக்க முடியவில்லை. மூன்று மணிக்கு ஆனைக்குட்டம் அணைப் பக்கமிருந்து ஈரக்காற்று வந்தது. பின்னாலேயே தூறலும் வரும். மறுபடி கேட்டுக்குப் போனான்.

"கோர்ட்டு காவல்யா. உள்ள விட மாட்டேன்" என்றாள் முத்துமாரியம்மாள், புதுப் பதவியின் மிடுக்கோடு.

"ஆத்தா, ஒன் ரூமுக்கும் அந்த மருந்து ரூமுக்கும் எம்புட்டு தூரம்?"

"கூப்பிடு தூரம்."

"அது கூப்பிடாமலே வரும்."

அவள் கேட்டைத் திறந்துவிட்டு, அவன் சொல்லாமலே ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

அறை வாசலிலேயே மூத்திர வாடை அடித்தது. ஈரம் பிடித்த மருந்து வெந்துபோக ஆரம்பித்தால் வருகிற வாடை. முதல் தட்டின் மேல் புறங்கையைப் பிடித்துப் பார்த்தான். தோசை எடுத்துவிட்ட கல் மாதிரிச் சூடு. நிலை மாறக் கூடாது என்ற உத்தரவை மருந்துக்கு யாரும் படித்துக் காட்டவில்லை போல.

ஒரு நேரத்துக்கு ஒரு தட்டு. நான்கு நடை. தோள்பட்டை வலியை மறந்து, முட்டை சுமப்பவன் மாதிரி நடந்தான். குழியில் மெல்லிசாகப் பரப்பி, தூரத்திலிருந்து தீ வைத்தான். புஸ்ஸென்று வெள்ளை வெளிச்சம். அவ்வளவுதான். காலித் தட்டுகளைத் துடைத்துப் பழைய இடத்திலேயே வைத்தான், உத்தரவுக்கு மரியாதையாக.

மூன்றாம் நாள் இரண்டு முதலாளிகளும் வக்கீல்களோடு பட்டியல் சரிபார்க்க வந்தார்கள். விளக்குமாறு இருந்தது. தட்டுகள் இருந்தன. மருந்து இல்லை. மாரிசாமி மறைக்காமல் சொன்னான்.

"வெடிக்கலையேலே?" என்றார் லட்சுமிகாந்தம்.

"எரிச்சதாலதான் வெடிக்கல அண்ணாச்சி."

"வெடிச்சிருக்கும்ங்கதுக்கு என்ன சாட்சி?"

மாரிசாமி முத்துமாரியம்மாளைப் பார்த்தான். அவள் விளக்குமாற்றைப் பார்த்தாள்.

"வாய்தா அன்னைக்கு ஜட்ஜு நம்மளத்தான கேப்பாரு மச்சான்" என்றார் ராஜபாண்டியன். பதினோரு மாதத்தில் மச்சான் என்று வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை.

"ஆமா மாப்ள. இவன்தான் செஞ்சான்னு ரெண்டு பேரும் சேந்து சொல்லிருவோம்."

ஒரே காரில் ஏறிப் போனார்கள்.

அடுத்த வாரம் நோட்டீஸ் வந்தது. ஒரே தாளில் இரண்டு வக்கீல்களின் கையெழுத்து. கூடவே, மாரிசாமி சாட்சிக் கையெழுத்துப் போட்ட பட்டியலின் நகல். பெண்டாட்டி வெள்ளைத்தாய் வாங்கிப் படித்தாள்.

"என்ன கேக்காக?"

அவள் இரண்டாவது தடவையும் படித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள். வழக்குச் சொத்தை அழித்த வகையில், வாய்தாவுக்குள் மாரிசாமி கம்பெனிக்குத் திருப்பித் தரவேண்டிய பாக்கி: கலந்த மருந்து, தட்டு நான்கு, கிலோ பன்னிரண்டு.