விண்கலத்துக்குச் சந்தனம்

கணபதி மாஸ்டர் கனடாவுக்குப் போகிறார் என்பதை அவருடைய மனைவி கமலாசனி அக்கா வாய்திறந்து சொல்லவேயில்லை. ஆனாலும் எங்கள் ஒழுங்கைக்கு அது தெரியும். வெயிலில் காயப்போட்ட சூட்கேஸ் வேலிக்கு இந்தப் பக்கமும் தெரிந்தது. தெரியாதது ஒன்றுதான். வீட்டு முன்னறையில் அவர் நடத்தும் கொம்பியூட்டர் வகுப்பின் பூட்டும் திறப்பும் யார் கைக்குப் போகும்?

அக்காவின் தம்பி சுஜிதன் அது தனக்குத்தான் என்று மீசையை ஒதுக்கிக்கொண்டு திரிந்தான். வகுப்புக் கிடைத்ததும் படிப்பிக்கத் தன் சிநேகிதனைக் கூட்டி வருவதாகச் சந்திக் கடையில் சொல்லியும் விட்டான். அப்படி வந்தால் சிவரூபியின் வேலை போகும். முரசுமோட்டையிலிருந்து இடம்பெயர்ந்து வவுனியாவுக்கு வந்த பிள்ளை அவள். பலகையில் மாஸ்டரின் பெயர் இருந்தாலும் உள்ளே படிப்பித்தது அவள்தான். வேலை இல்லையென்றால் வவுனியாவில் இருக்க ஆமி தரும் பாசும் இல்லை, திரும்பவும் முகாம்தான்.

வேறு மனிதர் என்றால் இரண்டு பேரையும் ஒவ்வொரு பாடம் எடுக்கச் சொல்லிப் பார்த்திருப்பார். மாஸ்டருக்கோ கொம்பியூட்டரில் விண்கல விளையாட்டுப் பைத்தியம். வானத்தில் ஒரு நிலையம் மெல்லச் சுழலும். அதன் வாய்க்குள் கப்பலைக் கீறல் படாமல் விட வேண்டும். மாதக்கணக்காக அவர் அதில் மோதி மோதி வெடித்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தில் எங்களுக்கு மத்தியான நித்திரை கிடையாது.

“விஜயதசமி அண்டைக்கு ஆர் இதை ஒழுங்கா உள்ளுக்கு விடுகினமோ, அவைக்குத்தான் திறப்பு,” என்றார். “பொறுமை உள்ள ஆள் வகுப்பையும் நடத்தும்.”

பொறுமையைப் பற்றி மாஸ்டர் பேசியது எங்களுக்கு ஒரு கிழமைச் சிரிப்புக்குப் போதுமாயிருந்தது.

சுஜிதன் கொழும்புக்குப் போய், கப்பலை ஓட்ட ஒரு புது ஜொய்ஸ்ரிக் வாங்கி வந்தான். கறுப்பு, பளபளப்பு, விரல்கள் பதிய வளைவுகள், பக்கத்தில் வேகத்துக்கு ஒரு நெம்புகோல்.

“எப்பிடித் தம்பி பார்த்து எடுத்தனீர்?” என்று கேட்டேன்.

“பொத்தான் கூடினது எதெண்டு கேட்டு எடுத்தனான், அன்ரி.”

“கத்தரிக்காயும் இப்பிடித்தான் கையில பிடிச்சுப் பாராமல் எடுப்பீரோ?”

அவன் அதைச் சட்டை நுனியால் இன்னொருக்கால் துடைத்தான்.

சிவரூபியும் அதைப் பிடித்துப் பார்த்தாள். அவள் இடக்கைக்காரி. வலக்கைக்கென்று வார்த்த வளைவுகளில் அவளுடைய விரல்கள் ஏறவில்லை. வகுப்பில் கிடந்த பழையதை எடுத்தாள். உலக்கை மாதிரி நேரான பிடி. எந்தக் கைக்கும் பொருந்தும். ஆனால் உள்ளே கம்பிச்சுருள் களைத்துப்போய் அதன் கழுத்து ஆடியது. கை வைத்தாலே திரையில் கப்பல் குளிர்காய்ச்சல்காரரைப் போல நடுங்கியது.

“அதைத்தான் எடுக்கப் போறியோ?” என்று சுஜிதன் கேட்டான். “விஜயதசமியில, அதுவும் இடக்கையால. சரஸ்வதி கண்ணை மூடிக்கொண்டுதான் இருக்க வேணும்.”

“அவா மூடட்டும். நீர் திறந்து வைச்சுக்கொண்டு பாரும்,” என்றாள் சிவரூபி.

ஆயுத பூசைக்குக் கீபோட், மௌஸ், இரண்டு ஜொய்ஸ்ரிக் எல்லாம் சாமிப்படத்தின் முன்னால் வரிசையாக ஏறின. புதியதுக்கு உச்சியில் ஒரு பொட்டு மட்டும் வைக்கச் சுஜிதன் அக்காவை விட்டான். அக்கா மிச்சச் சந்தனம் முழுவதையும் பழையதின் கழுத்தைச் சுற்றி, றப்பர் மடிப்புக்குள் எல்லாம் அப்பி, மேலே ஒரு செவ்வரத்தம் பூவும் செருகினா. பிள்ளையாருக்குக் கூட அவ்வளவு கிடைக்கவில்லை. பூசையில் வைத்ததை அடுத்த நாள் வரை தொடக்கூடாது. சந்தனம் நன்றாகக் காய்ந்தது.

விஜயதசமிக் காலை அதைப் பார்த்து மாஸ்டர் தலையில் கை வைத்தார். “இது மிசினப்பா, மாரியம்மன் இல்லை.”

“கழுவித் தாறன், பிள்ளை,” என்று அக்கா ஈரத்துணியோடு ஓடி வந்தா.

சிவரூபி பிடியை ஒரு பக்கம் சரித்து விட்டாள். அது சரிந்தபடியே நின்றது. இன்னொரு பக்கம் சரித்தாள், அங்கேயும் நின்றது. ஆட்டம் போய்விட்டிருந்தது.

“வேண்டாம் அக்கா. இருக்கட்டும்.”

முதலில் சுஜிதன். சும்மா சொல்லக்கூடாது, பருந்து மாதிரித்தான் போனான். யன்னலில் தொங்கிக்கொண்டிருந்த நாங்கள் கூட வாயைப் பிளந்தோம். சுழலும் வாய்க்கு நேரே வந்தபின் அதோடு சேர்ந்து கப்பலும் சுழல வேண்டும். அதற்குப் பிடியைக் கொஞ்சமாகச் சரித்து, அப்படியே வைத்திருக்க வேண்டும். புதுக் கம்பிச்சுருளோ நடுவுக்கு வரத் துடித்தது. அவன் அழுத்தினான், அது தள்ளியது. கை வியர்த்து ஒருகணம் தளர, பிடி ‘டக்’ என்று நிமிர்ந்தது. கப்பல் சுவரில் போய்ச் சிதறியது.

“ஸ்டேசன் ஆடுது,” என்றான்.

“ஓம், உமக்காக நிக்காது,” என்றார் மாஸ்டர்.

சிவரூபி கதிரையை வலப்பக்கம் நகர்த்தி, இடக்கையைப் பிடியில் வைத்தாள். அவள் போன வேகத்தில் நான் வீட்டுக்குப் போய் உலையை இறக்கிவிட்டு வந்திருக்கலாம். போகவில்லை. வாய்க்கு நேரே வந்ததும் பிடியை மெல்லச் சரித்தாள். சந்தனம் அதை அந்த இடத்திலேயே பிடித்துக்கொண்டது. நிலையம் சுழன்றது, கப்பலும் கூடவே சுழன்றது. பார்த்துக்கொண்டிருக்க, சுழல்வதே தெரியாமல் இரண்டும் அசையாமல் நிற்பது போலாயிற்று. அவள் வேகத்தைத் துளி கூட்டினாள். திரை இருண்டது.

யன்னலில் நாங்கள் ஒருவர் தோளில் ஒருவர் ஏறி எட்டிப் பார்த்தோம். பிறகு பச்சை விளக்குகள் வரிசையாக எரிந்தன. கப்பல் கீறல் இல்லாமல் உள்ளே நின்றது.

மாஸ்டர் எழுந்து நின்று கைதட்டினார். நாங்கள் தட்டிய தட்டில் யன்னல் கொக்கி கழன்றது. கமலாசனி அக்கா ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, கப்பலை இறக்கியதே தான்தான் என்ற முகத்தோடு எல்லாரையும் பார்த்தா. பாதி உண்மைதான்.

மாஸ்டர் திறப்பை நீட்டினார். இடக்கையால் எழுதும் பிள்ளைகளை அடிமட்டத்தால் தட்டுகிற மனிதர் அவர். சிவரூபி, சந்தனம் ஒட்டிய அந்த இடக்கையைத்தான் நீட்டினாள். அவர் திறப்பை அதிலேயே வைத்தார்.

சுஜிதன் தன் புது ஜொய்ஸ்ரிக்கைக் கையில் வைத்துக்கொண்டு மெல்லக் குனிந்து கேட்டான். “அக்கா, மிச்சச் சந்தனம் இருக்கோ?”