ஈரப் பையின் எடை

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமானதல்ல. கைக்கடிகாரத்துக்கு வார் மாற்றப் போன கடையில் கிடைத்தது.

கடிகாரம் பழுதுபார்ப்பவர் நிமிராமலே கேட்டார்: "நீங்க கதை எழுதுறவராமே? தூண்டில் போடுற பழக்கம் உண்டா?"

இல்லை என்றேன்.

"அப்ப உங்ககிட்ட சொல்லலாம்."

அரை மணி நேரம் பேசினார். வாரை மாற்ற மறந்தே போனார். "எழுதுங்க சார். முடிவு எப்படி வருதுன்னு எனக்கும் தெரியணும்" என்று அனுப்பிவைத்தார்.

*ஏரியின் மேல் அதிகாலைப் பனி மெல்ல...*

(அடித்துவிட்டேன். பனி இருந்ததாக அவர் சொல்லவே இல்லை.)

*பன்னிரண்டு கிலோ எழுநூறு கிராம் என்பது வெறும் எண் அல்ல, அது ஒரு...*

(ஒரு என்ன? தெரிந்தால் முடிக்கிறேன்.)

2

ஏரிக்கரையில் ஒரு தூண்டில் சங்கம். பிடித்த மீனை யாரும் சமைப்பதில்லை. எடை பார்த்துவிட்டு ஏரியிலேயே விட்டுவிடுவார்கள். கொட்டகைச் சுவரில் ஒரு பலகை. அதில் இதுவரை பிடித்ததிலேயே பெரிய மீனின் எடை.

பதினோரு வருடமாக அங்கே நிற்பது கடிகாரக்காரரின் மச்சான், அதாவது அக்கா வீட்டுக்காரர், பிடித்த கெண்டை: பன்னிரண்டு கிலோ எழுநூறு. டைல்ஸ் பதிக்கிற மனிதர். சங்கத்தில் அவருக்குப் 'பன்னிரண்டே முக்கால்' என்று பெயர். (கூடுதல் ஐம்பது கிராம், பெயர் வைத்தவர்களின் அன்பளிப்பு.) அந்த மீனைப் பற்றிப் பேசாமல் அவர் சாப்பிட்டுக் கை கழுவியதில்லை.

தராசு கடிகாரக்காரர் பொறுப்பு. நுணுக்கமான கை என்று எல்லோருமாகக் கொடுத்தது.

போன ஞாயிற்றுக்கிழமை கடிகாரக்காரர் மனைவியின் தூண்டில் வளைந்தது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிற பெண்மணி, எளிதில் பதறமாட்டார். பதறியதெல்லாம் மச்சான்தான். "இழுக்காத தங்கச்சி! விட்டுப் பிடி, விட்டுப் பிடி!" என்று கத்திக்கொண்டே பேன்ட்டோடு தண்ணீரில் குதித்து, வலையை நீட்டி மீனை ஏந்தினார். தன் சாதனை பறிபோகுமே என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை.

பன்னிரண்டு கிலோ நானூறு. முந்நூறு கிராம் குறைவு.

"போகட்டும் விடுங்கண்ணே, மீனுக்கென்ன எடையா தெரியும்?" என்று சிரித்தார் மனைவி. ஆனால் கை துடைத்த துண்டோடு பலகைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். கடிகாரக்காரர் அதைக் கவனித்தார்.

3

மீனின் தோல் உரியாமலிருக்க, நனைத்த துணிப்பையில் போட்டுத்தான் தராசில் மாட்டுவார்கள். ஈரப் பை மட்டும் அறுநூறு கிராம். அதைக் கழிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மனைவியே, "பையைக் கழிச்சீங்களா? பொண்டாட்டின்னு சலுகை காட்டாதீங்க" என்றார். கழித்தார்.

மச்சானுக்குக் கழிக்கவில்லை. பதினோரு வருடத்துக்கு முன் மச்சான் அவரைத் தூக்கிச் சுற்றிய சுற்றில் மறந்துபோனார். பையை அலசும்போதுதான் உறைத்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், மச்சான் பலகையில் எழுதி முடித்துவிட்டு, பிரஷ்ஷும் கையுமாக அழுதுகொண்டிருந்தார். அதற்குப் பிறகு எந்த வாயால் சொல்வது?

ஆக, மச்சானின் மீன் பன்னிரண்டு கிலோ நூறு. ஜெயித்தது மனைவி. இது ஒருவருக்குத்தான் தெரியும். இல்லை, உங்களையும் என்னையும் சேர்த்து மூன்று பேருக்கு.

(தின்னாத மீனுக்கு எடை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். மீன் தண்ணீருக்குப் போய்விட்டது. மிஞ்சியது அந்த எண் ஒன்றுதான். அதுவும் தப்பு என்றால் பிறகு என்னதான் மிஞ்சும்?)

4

முடிவு ஒன்று: சொல்லிவிடுகிறார். மச்சான் பெருந்தன்மையாகச் சிரிக்கிறார். (சிரிக்கக்கூடியவர்தான். ஆனால் அடுத்த வேளை சாப்பாட்டில் அவர் எதைப் பற்றிப் பேசுவார்?)

முடிவு இரண்டு: சொல்லவில்லை. அடுத்த மாதமே மனைவிக்குப் பதினைந்து கிலோவில் ஒன்று மாட்டுகிறது. (என் கதையைக் காப்பாற்ற எந்தக் கெண்டையும் கடமைப்பட்டிருக்கவில்லை.)

முடிவு மூன்று: இரண்டும் ஒரே மீன்... (சே!)

தோற்றுப்போய், எழுதிய மூன்று தாள்களோடு கடைக்குப் போனேன், பிரிவுக்கு ஒரு தாள். என் கடிகாரம் வைத்த இடத்திலேயே கிடந்தது. அவர் மூன்றாவதைப் படித்துக்கொண்டிருந்தபோது வாசலில் பேருந்து வந்து நின்றது. மனைவி சாப்பாட்டு டப்பாவோடு உள்ளே வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னங்க இது? நம்ம மீனா?"

மேஜைமேல் இருந்த இரண்டு தாள்களையும் எடுத்து, நின்றபடியே படித்தார். 'பன்னிரண்டே முக்கால்' வந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு நடுவே, மேஜைக்கு அடியில், மூன்றாவது தாள் என் கைக்கு வந்து சேர்ந்தது.

இரண்டாவது தாளின் கடைசி வரியில் அவர் சிரிப்பு நின்றது. கணவரைப் பார்த்தார்.

"நான் அங்க நின்னதைப் பாத்தீங்களா?"

கடிகாரக்காரர் பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு என் கடிகாரத்துக்கு வார் மாற்றத் தொடங்கினார். வார் மாற்றப் பூதக்கண்ணாடி தேவையே இல்லை.

"மூணாவது பக்கம் எங்கே?" என்று மனைவி கையை நீட்டினார்.

அதை நீங்கள் படித்துவிட்டீர்கள். நீட்டிய கை நீட்டியபடியே இருக்கிறது. நான் வெறும் வாடிக்கையாளன், என் வேலை முடிந்துவிட்டது, கடிகாரத்தை வாங்கிக்கொண்டு கிளம்புகிறேன். இந்தாருங்கள் தாள். கொடுப்பதோ மடித்துச் சட்டைப்பையில் வைப்பதோ, உங்கள் பாடு.