மீலாவில் கரையிறங்கிய அரசகுமாரர்கள்

அயர்லாந்து மக்களின் வரலாறு எங்கள் மீலாவில்தான் தொடங்கியது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயின் தேசத்து வேந்தன் மீலின் குமாரர்கள் கப்பல் கப்பலாக வந்து, எங்கள் ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் முதல் அடியை வைத்தார்கள். அந்த மீலின் பெயரே இந்த வட்டாரத்தின் பெயர். இதைக் கண்டுபிடித்தவர் கோர்மாக் ஹெஃபர்னன். அவர் வீடும் நிலமும் விற்றுக்கொடுக்கும் தரகர். அரசகுமாரர்கள் இறங்கியதாக அவர் காட்டிய புல்வெளியில் அவரே பன்னிரண்டு வீடுகள் கட்டி வைத்திருந்தார்.

ஒன்றில்தான் ஆள் இருந்தது. அதுவும் கோர்மாக்கும் அவர் மனைவி நோரீனும்தான். லிமரிக் நகரத்திலிருந்த தன் அப்பா வீட்டை விற்று நோரீன் இதில் போட்டிருந்தாள். நாடு முழுக்க வீடு வாங்குவதையே மறந்துவிட்டிருந்த வருஷம் அது. மற்ற பதினொரு வீடுகளும் திரையில்லாத ஜன்னல்களோடு மழையைப் பார்த்துக்கொண்டு நின்றன. கோர்மாக்குக்கு மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை அந்தப் பெயர். ஸ்பெயினில் ஒரு கடலோர நகரம் எங்களோடு சகோதர நகரமாக இணையத் தயாராக இருந்தது. ஊர்ப்பெயர் மீலிடமிருந்து வந்தது என்று அரசாங்கத்து ஆள் ஒருவர் சொல்லிவிட்டால் ஸ்பானியர்கள் வருவார்கள், பின்னாலேயே வீடு வாங்குகிறவர்களும் வருவார்கள். வராவிட்டால் அந்தத் தம்பதிக்குத் திரும்பிப் போக வேறு இடம் கிடையாது.

எங்கள் ஊர்ப்பெயரை இரண்டு பேர் ஒரே மாதிரி எழுதியது இல்லை. மடத்துத் துறவி ஒருவர் 'மிலுக்' என்று எழுதினார். குளிரில் கை விறைத்திருக்கும், அதற்கு மேல் ஓடவில்லை. ஆங்கில ராணியின் வரைபடக்காரன் 'மைலிக்' என்று போட்டான். அவன் கப்பலை விட்டு இறங்கவேயில்லை. பிறகு ராணுவத்தார் சங்கிலி பிடித்து நிலத்தை அளந்து 'மீலக்' என்று தீர்ப்புச் சொன்னார்கள். ரயில் நிலையப் பலகையில் இடம் போதாமல் அது 'மீலா' ஆனது. ரயில் போய்விட்டது, மீலா தங்கிவிட்டது.

"இத்தனையும் அடிமைத்தனத்தோட தழும்பு!" என்பார் கோர்மாக். மீலின் பெயர் தெரியும்படி அவருக்கு 'மீலியத்' வேண்டும். அதை எப்படி உச்சரிப்பது என்பதில் அவருக்கே இரண்டு அபிப்பிராயம் இருந்தது.

ஊரார் வாக்களித்தால் பலகை மாறும் என்றது மாவட்ட நிர்வாகம். அதற்கு முன் விசாரிப்பதற்காக டப்ளினிலிருந்து ஊர்ப்பெயர் ஆய்வு அதிகாரி ஒருத்தியை வரவழைத்தது. டெர்வ்லா என்று பெயர். எங்களைப் போலவே மேற்கு அயர்லாந்துதான், மயோ மாவட்டத்துப் பெண். ஊருக்குள் நான் நடத்தும் மதுக்கடையில், என் பப்பில், வந்து உட்கார்ந்தாள். கோர்மாக்கின் பாரம்பரியக் குழுவுக்கு நான்தான் செயலாளர். கூட்டம் என் பப்பில் நடப்பதைத் தவிர அதற்கு வேறு தகுதி எனக்கு இல்லை.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்று உண்டு. ஒரு மனுஷன் ஆசையோடு ஒன்றைச் சொன்னால் முகத்துக்கு நேரே மறுக்கமாட்டோம். களைத்து வந்த வழிப்போக்கன் "இன்னும் ஒரு மைல்தானே?" என்று கேட்டால், நாலு மைல் இருந்தாலும் "அவ்வளவுதான்" என்போம். அளக்க வந்த ராணுவத்தாருக்கும் எங்கள் முன்னோர் இப்படித்தான் பதில் சொல்லியிருப்பார்கள் என்பது என் கணிப்பு.

புல்வெளியை கோர்மாக்குக்கு விற்ற விவசாயி பேட்சி லாலரை டெர்வ்லா விசாரித்தாள். கோர்மாக் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"அங்க ராஜா யாராவது வந்ததாக் கேள்விப்பட்டிருக்கீங்களா?"

"வராமலா?" என்றார் பேட்சி.

"உங்க தாத்தா சொல்லியிருக்காரா?"

"அவர் நிறையப் பேசுவாரும்மா. அதுல இதுவும் இருந்திருக்கும்."

"எழுதிக்குங்க, எழுதிக்குங்க," என்றார் கோர்மாக்.

டெர்வ்லா எழுதவில்லை. "அங்க மாடு மேய்ச்சீங்களா?"

"மேய்ச்சேன். அருமையான புல்லு."

"குளிர்காலத்துல?"

பேட்சி கோர்மாக்கைப் பார்த்தார். பிறகு தன் கிளாஸைப் பார்த்தார். "குளிர்காலத்துல அதுங்க தானா மேட்டுக்குப் போயிடும்."

"ஏன்?"

"அதுங்க குணம் அப்படி."

"பார்த்தீங்களா!" என்று கோர்மாக் துள்ளினார். "மிதிக்கக் கூடாத பூமின்னு மாட்டுக்கே தெரிஞ்சிருக்கு!"

"உங்களுக்குத் தெரியாததா," என்றார் பேட்சி.

கோர்மாக் போன் பேச வெளியே போனதும் டெர்வ்லா என் பக்கம் திரும்பினாள். "பழைய ஐரிஷ்ல ஆத்தோரத்துத் தாழ்ந்த நிலத்துக்கு 'மீலக்' மாதிரியே ஒரு சொல் உண்டு. அங்க தண்ணி ஏறுமா?"

"மழை பெய்ஞ்சா எங்கதான் ஈரமில்ல?" என்றேன்.

"அண்ணே, நான் மயோக்காரி. இந்தப் பேச்செல்லாம் எங்க வீட்லயும் உண்டு."

"ஏறும்," என்றேன். "ரெண்டு வருஷமா மழை கம்மி. அதான் அவர் இன்னும் பார்க்கல."

"யாரும் அவர்கிட்ட சொல்லலையா?"

"வீடு எழும்பினப்புறம் சொன்னா மரியாதையா இருக்குமா?"

"அதுக்கு முன்னாடி?"

"அப்ப அவர் ரொம்ப சந்தோஷமா இருந்தாரும்மா."

மறுநாள் மாலை ஊர்க்கூடத்தில் அவள் தன் முடிவைச் சொல்ல எழுந்தாள். பின்னால் மேசையில் நோரீன் திராட்சை கேக்கை வெட்டிக்கொண்டிருந்தாள். வெட்டிய கத்தி கேக்கிலேயே நின்றது. டெர்வ்லா அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ரெண்டு கருத்து இருக்கு," என்றாள். "ஒன்னு அரச வம்சம். இன்னொன்னு நிலத்தோட தன்மையைப் பத்தினது. எதையும் அடியோட மறுக்க முடியாது."

"மறுக்க முடியாது!" என்று கோர்மாக் முழங்கினார். கேக் வெட்டுப்பட்டது.

"மயோவுலயும் பிள்ளைங்கள நல்லாத்தான் வளர்க்கறாங்க," என்று என் காதோரம் யாரோ சொன்னார்கள்.

வாக்கெடுப்பில் ஏறக்குறைய எல்லோரும் மீலியத்துக்கே போட்டோம்.

நவம்பரில் அந்தப் புல்வெளியிலேயே பெயர்க்கல் திறப்புவிழா. ஸ்பெயினிலிருந்து மேயர் வந்தார், கழுத்தில் பதவிச் சங்கிலியோடு. ஒரு வாரமாக விடாத மழை, அன்று பார்த்துக் கடலில் நீர் ஏற்றமும் சேர்ந்துகொண்டது. ஊரே முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்து நின்றது.

"விசேஷத்துக்கு வர்ற லட்சணமா இது?" என்று கோர்மாக் பல்லைக் கடித்தார். அவர் போட்டிருந்தது பளபளக்கும் கறுப்பு ஷூ.

"குளிருதுல்ல," என்றார் பேட்சி.

கோர்மாக் மீலில் தொடங்கினார். அவர் பேச்சு கடல் கடப்பதற்குள் புல்லுக்கடியிலிருந்து தண்ணீர் சத்தமில்லாமல் எழும்பியது. ஒருவரும் அசையவில்லை. பேசுகிற மனுஷனை விட்டுவிட்டு எப்படிப் போவது? ஸ்பானிய மேயர் தன் காலைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். நாங்கள் தலையசைத்தோம். அவரும் நல்ல குடும்பத்தில் பிறந்தவர் போலிருக்கிறது, அப்படியே நின்றார். மொழிபெயர்க்க வந்த பெண் மட்டும் கல்லின் மேல் ஏறிக்கொண்டாள்.

"இங்கேதான் அந்த முதல் அடி..." என்று கோர்மாக் காலைத் தூக்கப் பார்த்தார். கால் வந்தது, ஷூ வரவில்லை.

அப்போது வீட்டு வாசலிலிருந்து நோரீன் கூப்பிட்டாள். "கோர்மாக்! சமையலறைக்குள்ள வந்தாச்சு!"

"யாரு?"

"உங்க அரசகுமாரருங்கதான்! கம்பளத்து மேல நடந்து வர்றாங்க!"

கோர்மாக் கையிலிருந்த காகிதத்தை மடித்தார். எங்கள் பூட்ஸ்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். சின்னக் குழந்தைகள்கூடப் போட்டிருந்தன.

"உங்க எல்லாருக்கும் தெரியும்," என்றார்.

அவர் சொன்னதற்கு நாங்கள் 'ஆமாம்' போடாத ஒரே தருணம் அதுதான். கடைசியில் பேட்சிதான் வாயைத் திறந்தார். "தெரியும் கோர்மாக். நீங்க விலை பேச வந்தப்ப நல்ல வெயில் காலம். அதை ஏன் கெடுக்கணும்னு..."

"கெடுத்திருக்கலாமே, பேட்சி," என்றார் கோர்மாக், கோபமேயில்லாமல். அது எங்களுக்குக் கோபத்தைவிடக் கஷ்டமாக இருந்தது.

பிறகு எல்லோரும் சுறுசுறுப்பாகிவிட்டோம். மெத்தையை இரண்டு பேர் தூக்கினார்கள், குளிர்சாதனப் பெட்டியை நாலு பேர். என் பப்புக்கு மேலே இரண்டு அறை காலியாக இருக்கிறது என்று நோரீனிடம் சொன்னேன். "எவ்வளவு நாளைக்கு?" என்றாள். "காய்ற வரைக்கும்," என்றேன். "இங்கே எது காயுது?" என்று கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கோர்மாக் மட்டும் கல்லுக்குப் பக்கத்தில் அப்படியே நின்றார். இரண்டாவது ஷூவும் சேற்றில் போயிருந்தது. பேட்சி அவர் முன்னால் போய் முதுகைக் காட்டிக் குனிந்தார்.

"வேண்டாம் பேட்சி."

"ஏறுங்க. மேயர் பார்த்துக்கிட்டிருக்கார்."

கோர்மாக் ஏறிக்கொண்டார். அந்தப் புல்வெளியைக் கடந்து ரோடு வரைக்கும் பேட்சி அவரைச் சுமந்துகொண்டு போனார். வழியில் நின்ற ஸ்பானிய மேயர் தொப்பியைக் கழற்றினார்.

பேட்சிக்கு அப்போது எழுபத்தொன்பது வயது.